மேனேஜரின் முன்னங்கால்

மெத்தைக்காரர் என்று தெருவே அழைத்த அந்த மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆறடிக்குக் கொஞ்சம் மேல். இழுத்த டிராயர் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் தாடை. மூன்று பேர் உட்காரும் சோபாவைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார். பழைய சோபா, பேருந்து இருக்கை, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, எது வந்தாலும் மேல்தோலை உரித்து, ஸ்பிரிங்கையும் ஃபோமையும் மாற்றி, புது ரெக்சின் போர்த்தி ஆணி அடித்துத் தருவது அவர் தொழில். கீழே கடை, மேலே வீடு.

இப்படிப்பட்ட ஆளுக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும். "கொஞ்சம் உட்கார்ந்துக்கறேனே" என்று மரியாதையாகக் கேட்பார். பதில் வருவதற்குள் விழுந்துவிடுவார். மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே விழுந்தார். அவரைத் தூக்கிக் கட்டிலில் போட நான்கு பேர் தேவைப்பட்டார்கள். குழந்தையைத் தூக்க ஒரே ஒரு நர்ஸ்தான் மிச்சம். அவர் மனைவி இதைச் சொல்லிக்காட்டாத வருடம் கிடையாது. ஊசி விரலில் குத்திவிட்டால் கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாடியேறுவார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எவ்வளவு ஆழம்னு நீயே பாத்து சொல்லு" என்பார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவார். பெரும்பாலும் குத்திய இடமே தெரியாது.

மனைவி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். வீட்டுக்கு நாய் வந்தபோது பெயர் வைத்தவரும் அவர்தான். பழுப்பு நிறம், ஒரு காது நட்டுக்கொண்டும் மற்றது மடிந்தும் இருக்கும். வந்த இரண்டாம் நாளே கடை நடுவில் இருந்த பழைய மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டு, மெத்தைக்காரர் சுத்தியல் தூக்குவதையும் இறக்குவதையும் பார்த்தது. மனைவி அதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுச் சொன்னார்: "எங்க மேனேஜர் மாதிரியே இருக்குங்க. ஒரு வேலையும் செய்யாது, ஆனா அடுத்தவன் வேலை செய்யறதை விடாம பாக்கும்." அன்றிலிருந்து நாய்க்குப் பெயர் மேனேஜர்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். இரண்டு கடை தள்ளி இருக்கும் சலூன்காரர் தன் சுழல் நாற்காலியை மறுசீரமைக்கக் கொடுத்திருந்தார். மெத்தைக்காரர் பழைய ரெக்சினை உரித்து, விளிம்பில் ஓடிய தகரப் பட்டையைக் கழற்றித் தரையில் போட்டார். ஒரு நிமிடம் திரும்பி ஃபோம் வெட்டினார். மேனேஜர் எழுந்தது, சோம்பல் முறித்தது, ஆய்வுக்கு வருகிற தோரணையில் நடந்து வந்து தகரத்தின் மேல் கால் வைத்தது.

கத்தல் ஒன்றுதான். அதற்குள் தரையில் சிவப்பாக நான்கு கால்தடம் விழுந்துவிட்டது.

மெத்தைக்காரர் பார்த்தார். கண்ணை மூடினார். பக்கத்தில் நாற்காலி இல்லை, இருந்த ஒரே நாற்காலிக்கும் இருக்கை இல்லை. தரையிலேயே உட்கார்ந்தார். வழக்கமாக இந்தக் கட்டத்தில் மயக்கம் வந்து காப்பாற்றும். அன்றைக்கு வரவில்லை. ஈரமான மூக்கு ஒன்று அவர் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டதால் வராமல் போயிருக்கலாம். நாய் முனகிக்கொண்டு அவர் மடியில் ஏறப் பார்த்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. கண்ணை மூடியபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தவர், திரையைப் பார்க்க மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, தடுப்பூசிக்குப் போகும் மிருக ஆஸ்பத்திரிக்குப் பேசினார்.

பெண் டாக்டரே எடுத்தார்.

"மேனேஜருக்கு அடிபட்டுடுச்சு டாக்டர். ரத்தமா வருது."

"சார், இது மிருகங்களுக்கான ஆஸ்பத்திரி."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்."

"மேனேஜருக்கு எங்க அடி?"

"கால்ல. முன்னங்கால்ல."

"முன்னங்கால்ல," என்றார் டாக்டர் மெதுவாக. "வயசு?"

"அஞ்சு முடியப் போகுது."

"நாயா சார்?"

"பின்ன?"

டாக்டரின் குரல் வேலைக்குத் திரும்பியது. ரத்தம் பீறிட்டு அடிக்கிறதா, கசிகிறதா? உள்ளே ஏதாவது குத்திக்கொண்டு நிற்கிறதா? காயத்தின் வாய் பிளந்திருக்கிறதா? மெத்தைக்காரர் எல்லாவற்றுக்கும் "பாக்கலை டாக்டர்" என்றார். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் டாக்டர். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தார். முதல் படத்தில் மின்விசிறி விழுந்தது. இரண்டாவதில் அவருடைய முழங்கால். மூன்றாவதில் எப்படியோ பாதம் விழுந்துவிட்டது.

"பயப்பட ஒண்ணுமில்ல. பாதத்துக்கு அடியில இருக்கற மெத்து மேல சின்ன வெட்டு, ஆழமில்ல, கசிவுதான். வீட்டுலயே பாத்துக்கலாம். முதல்ல வாயைக் கட்டுங்க."

மெத்தைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"சார்? இருக்கீங்களா? உங்க வாயில்ல. நாயோட வாய். அகலமான மெத்துனு துணிப்பட்டை, மூக்குத்தண்டைச் சுத்தி ஒரு சுத்து, தாடைக்குக் கீழ ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னாடி இன்னொண்ணு."

"மேனேஜர் கடிக்காது டாக்டர். பிஸ்கட்டையே யோசிச்சுதான் கடிக்கும்."

"வலின்னு வந்தா எந்தச் சாதுவும் கடிக்கும். மூச்சு விட முடியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. இரைச்சா, குமட்டினா உடனே அவிழ்த்துடுங்க. கட்டினதும் சுத்தமான துணியை நாலா மடிச்சு வெட்டு மேல வச்சு அழுத்துங்க. அஞ்சு நிமிஷம். நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது."

"பாக்கவே கூடாதா?"

"கூடவே கூடாது."

இவ்வளவு நல்ல வைத்தியத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. துணிப்பட்டைக்கு அந்தக் கடையில் பஞ்சமா? தடவித் தடவி ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டார். சலவை மடிப்பு கலையாத ஒரு கைத்துண்டை மடித்து, கண்ணை இறுக மூடி, பாதத்தைப் பிடித்து அழுத்தினார். வாய்விட்டு எண்ணினார். இருநூற்று நாற்பது எண்ணியபோது சலூன்காரர் நாற்காலி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தார்.

வாசலில் நின்று சூழ்நிலையை ஒரு பார்வை பார்த்தார். வாய் கட்டிய நாய். தியானத்தில் இருப்பவர்போல் அதன் காலைப் பிடித்துக்கொண்டு எண்ணும் மெத்தைக்காரர்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"அழுத்தறேன். ரத்தம் நின்னுச்சா பாரு."

"நிக்கலையே."

"நாலு நிமிஷமா அழுத்தறேன்டா."

"இடது காலை அழுத்தறீங்க அண்ணே. ரத்தம் வர்றது வலது கால்ல."

நாய் எதிர்ப்பே காட்டாமல் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. மெத்தைக்காரர் கால் மாற்றி மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சலூன்காரர் இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து, சரியான கால்தான் என்று அரை நிமிடத்துக்கு ஒரு தடவை உறுதி செய்தார். முந்நூறில் ரத்தம் நின்றிருந்தது.

ஸ்பீக்கரில் காத்திருந்த டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போனார். கொதித்து ஆறின தண்ணீர் அரை லிட்டர், அதில் ஒரு டீஸ்பூன் உப்பு. வெதுவெதுப்பாகக் காயத்தின் மேல் ஊற்றி மண், துகள் எல்லாம் போகக் கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது. சலூன்காரர் தன் கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கொண்டுவந்தார். வரும்போது சட்டைப் பையில் ஒரு படிகாரக் கல்லும் கையில் ஒரு பாட்டிலும் இருந்தன.

"டாக்டர், படிகாரம் தடவினா சும்மா ஜம்முனு நின்னுடும். இது ஷேவிங் பண்ணப்புறம் போடற லோஷன். கிருமி கிட்ட வராது."

"யாரது பேசறது?"

"சலூன்காரர்," என்றார் மெத்தைக்காரர்.

"ரெண்டும் வேண்டாம். எரியும், தோல் புண்ணாகும், நக்கினா வயித்துக்கும் கெடுதல். உங்ககிட்ட டிரிம்மர் இருக்கா?"

சலூன்காரரின் முதுகு நிமிர்ந்தது. இருபது வருடத் தொழிலில் ஒரு டாக்டர் அவரிடம் கருவி கேட்டது அதுதான் முதல் தடவை. பிளேடை நன்றாகச் சுத்தம் செய்து எடுத்து வந்தார். காயத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, உள்ளே முடி விழாமல், சுற்றிலும் விரல் இடுக்கிலும் மட்டும் எடுக்கச் சொன்னார் டாக்டர். கத்தரிக்கோலைத் தொடவே கூடாது என்றார், நாய் துள்ளினால் தோலும் சேர்ந்து போய்விடும். சலூன்காரர் தொழில்பழக்கத்தில் நாயின் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார். "பக்கத்துல ஷார்ட்டா எடுத்துடலாமா?" என்று கேட்டார். மேனேஜர் மெத்தைக்காரரைப் பார்த்தது. வேலை கச்சிதமாக முடிந்தது. கடைசியில் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டப் போனவர், கடையில் கண்ணாடி இல்லாததால் நின்றார்.

"இப்ப போவிடோன் அயோடின். தண்ணியில கலந்து, லேசான டீ நிறத்துக்குக் கொண்டு வந்து ஒத்தி எடுங்க. வீட்டுல இருக்கா?"

அது எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத்தான் தெரியும். பேக்கிங் பிரிவுக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. தொழிற்சாலை அலுவலகத்து எண்ணுக்குத்தான் பேச வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மெத்தைக்காரர் அந்த எண்ணை அழுத்தினார்.

"ஹலோ, மேனேஜர் பேசறேன்," என்றது ஒரு கனமான குரல்.

பதற்றத்தில் இருந்த மெத்தைக்காரருக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. "மேனேஜர் இங்கதானே இருக்கு," என்றார்.

"என்னது?"

"அதான் சார், மேனேஜரைப் புடிச்சு வாயைக் கட்டி வச்சிருக்கோம். முடியெல்லாம் எடுத்தாச்சு. என் சம்சாரத்தை உடனே வரச் சொல்லுங்க."

"யார் நீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

"அயோடின் வேணும் சார்."

மறுமுனையில் அந்த மனிதர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு ஒருவழியாகப் பெயரைக் கேட்டு, பேக்கிங் பிரிவு ஒலிபெருக்கியில் அழைத்தார். மனைவி வந்து பேசினார்.

"என்னங்க ஆச்சு? இவர் வேர்த்துப் போய் நிக்கறாரு."

"மேனேஜருக்குக் கால்ல வெட்டு."

மனைவி குரலைத் தாழ்த்தினார். "மெல்ல பேசுங்க. ஸ்பீக்கர்ல இருக்கு. குளியலறை அலமாரி, ரெண்டாவது தட்டு. நீங்க கிட்டயே போக மாட்டீங்களே, அந்த வெள்ளைப் பெட்டி."

வெள்ளைப் பெட்டி கிடைத்தது. அதில் அவருடைய முதுகுவலி மாத்திரையும் இருந்தது. மறுபடி டாக்டரைப் பிடித்தார். "பாவமா இருக்கு டாக்டர். என் மாத்திரையில பாதி குடுக்கட்டுமா?"

டாக்டரின் குரல் முதல் தடவையாகக் கடுமையானது. "பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நமக்கான வலி மாத்திரை நாய்க்கு விஷம். அதை எடுத்த இடத்துலயே வச்சுடுங்க. நம்ம களிம்பும் தடவக் கூடாது."

மாத்திரையை வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவிக்கொண்டார்.

டீ நிறத்தில் அயோடின் கலந்து ஒத்தி எடுக்கும் வேலையைச் சலூன்காரர் முடித்தார். கட்டுப் போடுவது மட்டும்தான் பாக்கி. அதில் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று மெத்தைக்காரர் நினைத்தார். காயத்தின் மேல் துணி மூடியாயிற்று, சிவப்பு எதுவும் கண்ணில் படவில்லை, கைகள் தன்னம்பிக்கை பெற்றன. விரலிடுக்கில் பஞ்சு வைத்தார். அதன்மேல் துணி. அதன்மேல், மெத்தென்று இருக்கட்டுமே என்று கால் அங்குல ஃபோம். அதன்மேல் மறுபடி துணி, இழுத்துப் பிடித்து, மடிப்பு விழாமல், விளிம்பில் ஒரு தையலும் போட்டார். முடிந்ததும் மேனேஜரின் முன்னங்கால் ஒரு நல்ல சோபாவின் கைப்பிடி மாதிரி இருந்தது.

"பட்டன் வைக்கலையா அண்ணே?" என்றார் சலூன்காரர்.

போட்டோ போனது. டாக்டரிடமிருந்து பதில் உடனே வந்தது. "சார், இது சோபா இல்ல. அவ்வளவு இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு கால் வீங்கிடும். எல்லாத்தையும் அவிழ்த்து லேசா கட்டுங்க. கட்டுக்குள்ள ரெண்டு விரல் போகணும்."

தன் வாழ்நாளில் துணியைத் தளர்த்திக் கட்டச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை. தொய்வாக விடுவதற்கு விரல்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்றாவது முயற்சியில்தான் இரண்டு விரல் நுழைந்தது. அவருடைய விரல் ஒன்று மற்றவர்களுக்கு இரண்டு என்பதால் சலூன்காரரின் விரலையும் விட்டுப் பார்த்தார்கள். பிறகு வாய்க்கட்டை அவிழ்த்தார்கள். மேனேஜர் கொட்டாவி விட்டது. குனிந்து, அரைமணி நேர உழைப்பை மூன்றே நக்கலில் ஈரமாக்கியது.

நக்கவிடக் கூடாது, கழுத்தில் கூம்பு போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி கூம்பு மறுநாள்தான் கிடைக்கும். அன்று சாயங்காலம் மெத்தைக்காரர் சலூன் நாற்காலிக்கு வைத்திருந்த மெரூன் ரெக்சினில் ஒரு வட்டத்தை வெட்டினார். உள்ளே மெல்லிய ஃபோம், கழுத்துப் பக்கம் மிருதுவான துணி, விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த வெள்ளை பைப்பிங். போட்டுவிட்டதும் மேனேஜர் ஒரு பெரிய பூவுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அதிகாரி மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்க முடிந்தது, படுக்க முடிந்தது, காலை மட்டும் எட்ட முடியவில்லை. சலூன் நாற்காலியின் தலைச்சாய்வுக்கு ரெக்சின் போதாமல் போனது. அதைப் பச்சையில் முடித்தார். டிரிம்மர் கேட்கப்பட்ட நாளில் சலூன்காரர் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

ஆறு மணிக்குக் கடை வாசலில் ஒரு கார் நின்றது. மனைவி இறங்கினார். அவருக்குப் பின்னால், வழுக்கைத் தலையோடு, ஒரு காதின்மேல் மட்டும் முடி நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கனமான மனிதர் இறங்கினார். யாரோ யாரையோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு முழுசாகத் தீரவில்லை. நேரில் பார்த்துவிடுவதென்று வந்துவிட்டார்.

"மேனேஜர் எங்கே?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்வதற்குள் மெரூன் பூ ஒன்று நொண்டிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தது. அவரும் பார்த்தார். இருவரும் தலையை ஒரே பக்கம் சாய்த்தார்கள்.

"யார் இந்தப் பேரை வச்சது?"

"இவர்தான் சார்," என்றார் மனைவி, கணவரைக் காட்டி, இமைகூடக் கொட்டாமல்.

மெத்தைக்காரர் இருபத்தாறு வருடக் குடும்பஸ்தர். "ஆமா சார்," என்றார். "பொறுப்பா இருக்குமேன்னு வச்சேன்." மனிதருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. டீ குடித்துவிட்டு, நாயின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கட்டு மாற்றும் வேலையை மனைவி தான் செய்வதாகச் சொன்னார். மெத்தைக்காரர் தயங்கித் தயங்கி, "நீ கை வச்சா முனகும், நானே பாக்கறேன்" என்றார். முதல் நாள் ஒரு கண்ணால் பார்த்தார். காயம் அவர் கற்பனை செய்து வைத்திருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. இவ்வளவு காலம் எதைப் பார்க்கப் பயந்தோம் என்று யோசித்தார். மூன்றாம் நாள் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. வெளியே போகும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் பை மாட்டுவார், உள்ளே வந்ததும் மறக்காமல் கழற்றுவார். வீக்கம் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா, வாடை வருகிறதா என்று தினமும் பார்ப்பார். வாடை பார்ப்பதற்காக மூக்கைக் காலிடம் கொண்டுபோவார். அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, தோல் கூடிவிட்டது, கட்டு இனி வேண்டாம் என்றார் டாக்டர். மெத்தைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது தெரியாமலிருக்க இருமினார். டாக்டர் இருமலுக்கு மருந்து சொல்லப் போனார்.

ஆனால் டாக்டரின் கண் முழுக்கக் கூம்பின் மேல் இருந்தது. தடவிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். "எங்க பிளாஸ்டிக் கூம்பை எல்லா நாயும் சுவத்துல மோதி உடைக்குது சார். இதே மாதிரி வேற வேற அளவுல செஞ்சு தருவீங்களா?"

அப்படித்தான் மெத்தைக்காரரின் கடைக்குச் சோபாக்களோடு கழுத்துகளும் வர ஆரம்பித்தன. ஒரு வயசான பூனை, இரண்டு குட்டி நாய்கள், தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் ஒரு கிளி. கிளிக்குக் கூம்பு தைக்கும்போது பூதக்கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. மனைவி பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் பைப்பிங் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார். அதில் யார் குறுக்கிட்டாலும் பிடிக்காது.

போன மாதம் ஒரு பால்காரர் தன் ஆட்டைக் கூட்டி வந்தார். முட்டியில் ஒரு சிராய்ப்பு, ஆடு அதை விடாமல் கடித்துக்கொண்டிருந்தது. மெத்தைக்காரர் அளவு நாடாவை ஆட்டின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது நாடாவின் ஒரு முனை அவர் கையிலும் மறுமுனை ஆட்டின் வாய்க்குள்ளும் இருந்தது. இழுத்தார். ஆடு அறுத்துக்கொண்டு விழுங்கியது. மெத்தைக்காரர் நிதானமாகப் போனை எடுத்தார்.

"டாக்டர், ஆடு அளவு நாடாவைத் தின்னுடுச்சு."

"எவ்வளவு நீளம் உள்ள போச்சு?"

அவர் கையில் மிஞ்சியிருந்த துண்டு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"சரியா முப்பத்தி ரெண்டரை அங்குலம் டாக்டர்."

"வாயில முனை தெரிஞ்சாலும் இழுக்காதீங்க. உடனே இங்க கூட்டிட்டு வாங்க. இது வீட்டுல பாக்கற கேஸ் இல்ல."

மெத்தைக்காரர் கடைக் கதவைச் சாத்தினார். பால்காரர் ஆட்டின் முன்பக்கத்தையும் மெத்தைக்காரர் பின்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, பால்காரரின் வண்டியில் ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றிய அதைத் தள்ளிக்கொண்டு தெருவோடு போனார்கள்.